நீரிழிவு மருந்து கடைக்கு வந்த பிறகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பினாங்கில் மருந்தாளராக இருக்கிறேன். மருந்து கொடுக்கும் முகப்பில் நிற்பது ஒரு வேலை. நீரிழிவு மருந்துகள் சாதாரண மக்களிடம் எப்படி வேலை செய்கின்றன என்று நோயாளர் பதிவுகளை வைத்து ஆராய்வது இன்னொரு வேலை. முகப்பிலும் கோயில் மருத்துவ முகாம்களிலும் நம் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இது பொது விவரம்தான். இதைப் படித்துவிட்டு மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். உங்கள் டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளப் பயன்பட்டால் போதும்.

அரசாங்கம் அனுமதித்த மருந்துதானே? அப்புறம் எதற்கு இன்னும் ஆராய்ச்சி?

அனுமதிக்கு முன் நடக்கும் சோதனைகளில் பெரும்பாலும் பொறுக்கியெடுத்த ஆட்களைத்தான் சேர்ப்பார்கள். சிறுநீரகம் மோசமாகப் பழுதானவர், கர்ப்பிணி, பல நோய்களுக்குப் பத்து மாத்திரை சாப்பிடும் எண்பது வயதுப் பாட்டி ஆகியோருக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. சேர்ந்தவர்களையும் தாதியர் அழைத்து, ‘மாத்திரை சாப்பிட்டீர்களா’ என்று விசாரித்துக்கொண்டே இருப்பார்கள். நம் வீடுகளில் அப்படி யாரும் விசாரிப்பதில்லை.

எண்ணிக்கையும் ஒரு தடை. 3,000 பேர் ஒரு மருந்தைச் சாப்பிட்டு, ஒருவருக்குக்கூட ஒரு குறிப்பிட்ட கெடுதல் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தக் கெடுதல் ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடும் என்பதைக் கணக்குப்படி மறுக்க முடியாது. லட்சக்கணக்கானவர்கள் சாப்பிடத் தொடங்கினால்தான் அது கண்ணில் படும். அதனால் மருந்து கடைக்கு வந்த பிறகும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

அப்படிக் கவனித்ததால் ஏதாவது மருந்து நிறுத்தப்பட்டிருக்கிறதா?

நிறுத்தப்பட்டிருக்கிறது. இன்று பலரும் சாப்பிடும் நீரிழிவு மாத்திரையான மெட்பார்மினுக்குச் சகோதரன் போன்ற பென்பார்மின் 1970களின் இறுதியில் அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டது. அது ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைச் சேர்த்து உயிரைப் பறித்தது.

டிராக்ளிட்டசோன் என்ற நீரிழிவு மருந்து 1997இல் அங்கே வந்தது. சோதனைகளில் கலந்துகொண்ட ஏறக்குறைய 2,500 பேரில் 48 பேருக்குக் கல்லீரல் நொதிகள் இயல்பான உச்ச வரம்பைப் போல் மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தன. அறிகுறி அப்போதே இருந்தது. நாட்டில் பரவலாகப் பயன்படத் தொடங்கியதும் கல்லீரலே செயலிழந்த செய்திகள் வர ஆரம்பித்தன. பிரிட்டன் 1997 முடிவதற்குள்ளேயே அதை விலக்கியது. அமெரிக்காவில் 2000 மார்ச்சில்தான் விலக்கினார்கள். இடைப்பட்ட அந்த இரண்டு வருடங்களை இன்றுவரை என்னால் நியாயப்படுத்திப் பார்க்க முடியவில்லை.

ரோசிக்ளிட்டசோன் கதை இன்னும் சிக்கலானது. 2007இல் நிசன், வோல்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 42 சோதனைகளின் முடிவுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்து, இந்த மருந்து சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறக்குறைய 43 விழுக்காடு கூடுதல் என்று எழுதினார்கள். 2010இல் ஐரோப்பா மருந்தை நிறுத்தியது. அமெரிக்கா கடும் கட்டுப்பாடு போட்டது. பிறகு, முன்பே நடந்து முடிந்த ஒரு பெரிய சோதனையின் தரவுகளை மறுபடி சரிபார்த்தபோது அந்த அபாயம் உறுதிப்படவில்லை. 2013இல் அமெரிக்கா கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. ஆக, முதல் எச்சரிக்கையே கடைசித் தீர்ப்பு இல்லை. ஆனால் அந்த எச்சரிக்கை எழுந்ததால்தான், நீரிழிவுக்கான புதிய மருந்துகள் இதயத்துக்குக் கேடு செய்வதில்லை என்று காட்ட வேண்டும் என 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விதித்தது.

அந்த விதியால் யாரும் எதிர்பார்க்காத ஒரு நன்மை விளைந்தது. கேடு இல்லை என்று காட்டுவதற்காக எம்பாக்ளிப்ளோசின் மருந்தை இதயநோயும் நீரிழிவும் உள்ள 7,020 பேரிடம் சோதித்தார்கள். 2015இல் வந்த முடிவில், மருந்தில்லாத குழுவில் 5.9 விழுக்காட்டினர் இதயநோயால் இறந்திருந்தார்கள். மருந்து சாப்பிட்ட குழுவில் அது 3.7 விழுக்காடு. சர்க்கரையைக் குறைக்க வந்த மாத்திரை இன்று இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் எழுதித் தரப்படுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே விதியின் கீழ் சோதிக்கப்பட்ட சாக்ஸாக்ளிப்டின் சாப்பிட்டவர்களில், இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 3.5 விழுக்காடு. சாப்பிடாதவர்களில் 2.8. இது 2013இல் வந்த முடிவு. சர்க்கரை அளவை மட்டும் பார்த்து மருந்தை மதிப்பிட்டால் இந்த இரண்டுமே தெரிந்திருக்காது.

இந்த ஆராய்ச்சிகளில் நம் ஆட்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், ஆனால் நமக்குள்ள நோயின் அளவுக்கு இல்லை. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. மூன்றில் ஒருவரை நெருங்குகிறது. 2023 ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6ஆக இறங்கியிருக்கிறது. அதற்காக நாம் மூச்சு விட்டுக்கொள்ள முடியாது.

பிரிட்டனில் 5,102 பேரை வைத்து நடந்து 1998இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வில் இந்தியத் துணைக்கண்ட வம்சாவளியினர் பத்தில் ஒருவர். மெட்பார்மின் இன்று முதல் மருந்தாக இருப்பதற்கு அடிப்படை அந்த ஆய்வுதான். உடல் பருமனுள்ளவர்களிடம் அந்த மருந்து இறப்பை 36 விழுக்காடு குறைத்தது.

நமக்கு நெருக்கமான ஒரு சான்று சென்னையிலிருந்து வந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவு வரும் நிலையில் இருந்த 531 பேரை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். மெட்பார்மின் அவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பை ஏறக்குறைய 26 விழுக்காடு குறைத்தது. அமெரிக்காவில் இதே நோக்கத்தில் நடந்த ஆய்வில் கொடுத்த அளவு 850 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை. சென்னையில் கொடுத்தது 250 மில்லிகிராம், இரு வேளை. அவ்வளவு குறைந்த அளவிலேயே பலன் தெரிந்தது. வெள்ளைக்காரர் உடம்புக்குப் பார்த்த அளவை அப்படியே நம் மேல் போடக்கூடாது என்று நான் வாதாடும்போதெல்லாம் இந்த ஆய்வைத்தான் எடுத்து வைப்பேன்.

மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி பற்றியும் சொல்ல வேண்டும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் கூறோ வேறு வகை ஹீமோகுளோபினோ உள்ளவர்களிடம் அந்த எண் தவறாகக் காட்டலாம். இரும்புச்சத்துக் குறைவு அதை உயர்த்திக் காட்டக்கூடும். மலேசியாவில் இவை அரிதல்ல. விரலில் குத்திப் பார்க்கும் எண்ணுக்கும் ஏ1சிக்கும் ஒத்துவரவே இல்லை என்றால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

இன்சுலின் போட்ட பிறகுதானே காலை எடுக்கிறார்கள், கண் போகிறது?

இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பயத்தால் உயிர்கள் போயிருக்கின்றன.

ஒருமுறை ஒரு அம்மா முகப்பில் வந்து, “தம்பி, ஊசி மட்டும் வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. எங்க வீட்டுக்காரருக்கு ஊசி போட்ட ஆறே மாசத்துல கால் விரலை எடுத்துட்டாங்க” என்றார்.

“ஐயாவுக்குக் கால்ல புண் எப்பம்மா வந்துச்சு?”

“அது முன்னமேயே இருந்துச்சு. ஆறவே இல்ல. அதனாலதான் ஊசி போட்டாங்க.”

அவர் சொன்னதிலேயே விடை இருக்கிறது. புண் முதலில், ஊசி பிறகு. பல வருடம் சர்க்கரை கட்டுக்குள் வராமல், மாத்திரைகள் கைகொடுக்காமல் போன பிறகுதான் நம் ஊரில் பலருக்கு இன்சுலின் ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் கண்ணும் காலும் சிறுநீரகமும் பாதி கெட்டிருக்கும். அதன் பிறகு நடப்பதற்கெல்லாம் ஊசியின் மேல் பழி விழுகிறது.

வீட்டில் நடக்கும் இதே குழப்பம் ஆய்விலும் நடக்கும். பதிவேட்டைத் திறந்து, இன்சுலின் போட்டவர்களை ஒரு பக்கமும் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களை இன்னொரு பக்கமும் வைத்து எண்ணினால், இன்சுலின் பக்கம் இறப்பு கூடுதலாகத்தான் வரும். எண் பொய்யில்லை, ஆனால் அது சொல்வது மருந்தைப் பற்றி அல்ல. நோய் முற்றியவர்களுக்கு அந்த மருந்து போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. பதிவேடுகளை வைத்து ஆராய்பவர்களுக்கு இது முதல் பாடம். அதனால்தான் நாங்கள் ஒரே கட்டத்தில் இருக்கும் நோயாளர்களைத் தேடி ஒப்பிடுகிறோம். மெட்பார்மின் போதாமல் இரண்டாவது மருந்து தேவைப்பட்டவர்களில் ஒரு மருந்தை ஆரம்பித்தவர்கள் இந்தப் பக்கம், இன்னொரு மருந்தை ஆரம்பித்தவர்கள் அந்தப் பக்கம். வயது, சிறுநீரக நிலை, நோய் வந்து எத்தனை வருடம், இதயநோய் உண்டா என்று முடிந்தவரை இரு பக்கமும் சமமாக இருக்கும்படி பார்ப்போம்.

குலுக்கல் முறையில் மருந்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் அறவே போய்விடும். யாருக்கு எது என்பதை நோயின் தீவிரம் தீர்மானிக்காது. கிளார்ஜின் என்ற வகை இன்சுலினை அப்படிச் சோதித்திருக்கிறார்கள். 12,537 பேர், ஏறக்குறைய ஆறு வருடம், முடிவு வந்தது 2012இல். மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய் எதுவும் இன்சுலின் போட்டவர்களுக்குக் கூடவில்லை. கூடியவை இரண்டு: கொஞ்சம் எடை, கொஞ்சம் தாழ்சர்க்கரை, அதாவது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது. இந்த இரண்டையும் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கால் போகும் என்ற பயம் வேண்டாம்.

மெட்பார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்கிறார்களே?

கெடுக்காது. மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் மருந்து உடம்பில் தேங்கும். அதனால்தான் சிறுநீரக வடிகட்டும் திறன், அதாவது இஜிஎப்ஆர் எண், 45க்குக் கீழே வந்தால் அளவைக் குறைப்பார்கள், 30க்குக் கீழே போனால் நிறுத்துவார்கள். ‘டாக்டரே நிறுத்தச் சொன்னார், அப்போ இதுதான் கெடுத்திருக்கும்’ என்று ஊரில் பேச்சு கிளம்புவது இப்படித்தான்.

இந்த வரம்புகளிலும் நிஜ வாழ்க்கை ஆராய்ச்சிக்குப் பங்கு உண்டு. பென்பார்மின் தந்த பயத்தில், சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்தவர்களுக்குக்கூட மெட்பார்மின் கூடாது என்று அமெரிக்காவில் நெடுங்காலம் எழுதி வைத்திருந்தார்கள். மருத்துவர்கள் கவனமாகக் கொடுத்துவந்த நோயாளர்களைப் பற்றிய ஆய்வுகளைப் பரிசீலித்த பிறகு, 2016இல் அந்தத் தடையைத் தளர்த்தி மேலே சொன்ன எண்களுக்கு மாறினார்கள்.

மெட்பார்மினுக்கு உண்மையான பக்கவிளைவு வேறு: வயிற்றுப்போக்கு, குமட்டல், நீண்டகாலம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறைவு. சைவம் சாப்பிடுபவர்கள் இந்தக் கடைசியைக் கவனிக்க வேண்டும். பாதம் மரத்துப்போனால் ‘சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு’ என்று விட்டுவிடாமல் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மெட்பார்மின் புற்றுநோயைத் தடுக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

பல பதிவேட்டு ஆய்வுகள் அப்படித்தான் சொல்லின. எங்கே தவறியது என்று பாருங்கள்.

‘ஐந்து வருடம் மெட்பார்மின் சாப்பிட்டவர்கள்’ என்று ஒரு குழுவைப் பிரிக்கிறோம். அந்தக் குழுவில் ஒருவர் சேர வேண்டுமானால் அந்த ஐந்து வருடமும் அவர் உயிரோடு, நோய் வராமல் இருந்தாக வேண்டும். இரண்டாம் வருடத்திலேயே புற்றுநோய் வந்தவர் ‘குறைவாகச் சாப்பிட்டவர்’ என்று எதிர்ப்பக்கம் போய்விடுவார். மருந்து எதுவும் செய்யாமலே முதல் குழுவுக்கு வெற்றி. கனடாவின் மொன்றியலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சாமி சுவிசாவும் லோரன் அசுலேயும் 2012இல் இதை விளக்கி எழுதினார்கள். பிறகு 3,649 மார்பகப் புற்றுநோய் நோயாளர்களுக்குக் குலுக்கல் முறையில் மெட்பார்மினோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் வெளியான முடிவு: நோய் திரும்புவதை அது தடுக்கவில்லை.

சர்க்கரைக்காக மெட்பார்மின் சாப்பிடுங்கள். புற்றுநோய்க்காக வேண்டாம்.

அப்படியென்றால் பதிவேட்டு ஆய்வை நம்பவே கூடாதா?

ஒழுங்காகச் செய்ததை நம்பலாம். எனக்கு நம்பிக்கை கொடுத்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். லினாக்ளிப்டின், கிளிமெப்பிரைடு ஆகிய இரண்டில் இதயத்துக்கு எது நல்லது என்று ஒரு பெரிய குலுக்கல் சோதனை நடந்துகொண்டிருந்தது. அதன் முடிவு வரும் முன்பே, பாஸ்டனில் எலிசபெத்தா பட்டோர்னோ குழுவினர் அமெரிக்கக் காப்புறுதிப் பதிவுகளை வைத்து அதே கேள்வியை ஆராய்ந்து, பெரிய வித்தியாசம் இருக்காது என்று 2019இல் வெளியிட்டுவிட்டார்கள். அதே ஆண்டு சோதனை முடிவும் வந்தது. இதய விஷயத்தில் வித்தியாசம் இல்லை. பரீட்சைத்தாள் வெளிவருமுன் விடையை எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தது போல. அந்தச் சோதனையில் தாழ்சர்க்கரை வந்தவர்கள் கிளிமெப்பிரைடு குழுவில் 37.7 விழுக்காடு, லினாக்ளிப்டினில் 10.6. தனியாக வாழும் முதியவருக்கு மருந்து தேர்ந்தெடுக்கும்போது இந்த வித்தியாசம்தான் எனக்குப் பெரிதாகப் படும்.

நம் நாட்டு நிலை என்ன? சுகாதார அமைச்சின் தேசிய நீரிழிவுப் பதிவேட்டில் இருப்பவர்கள் அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போகிறவர்கள். தனியார் கிளினிக்கில் ரொக்கம் கொடுத்துப் பார்ப்பவர், பார்மசியில் நேராக வாங்குபவர் அதில் தென்பட மாட்டார்கள். தைவானில் 1995 முதல் ஒரே தேசியக் காப்புறுதி, அதனால் அநேகமாக எல்லாருடைய மருந்துப் பதிவும் ஒரே இடத்தில் கிடைக்கிறது. அங்கிருந்து எத்தனை நல்ல ஆய்வுகள் வருகின்றன என்று பார்க்கும்போது எனக்கு ஏக்கமாக இருக்கும்.

தைப்பூச விரதத்துக்கு மருந்தை என்ன செய்வது?

விரதம் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள். பினாங்கில் தண்ணீர்மலை ஏறுபவரானாலும் கோலாலம்பூருக்கு அருகே பத்துமலைக்குக் காவடி எடுப்பவரானாலும் விஷயம் ஒன்றுதான்: ஒருவேளை உணவு, வெயில், நீண்ட நடை, படிகள்.

கிளிக்கிளசைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் ஆகியவை சாப்பாடு இல்லாதபோதும் சர்க்கரையை இறக்கும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் விரதத்தை அங்கேயே முடித்துக்கொண்டு சர்க்கரை சாப்பிட வேண்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். விரலில் குத்திப் பார்ப்பதாலும் விரதம் கெடாது.

எம்பாக்ளிப்ளோசின், டாபாக்ளிப்ளோசின் போன்றவற்றில் ஆபத்து வேறு மாதிரி. இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும், கூடவே நீரும் போகும். உணவும் தண்ணீரும் குறைந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரலாம். மீட்டரில் சர்க்கரை அவ்வளவு ஏறாமலே இது நடக்கும் என்பதால் கண்டுபிடிப்பது கடினம். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் எண் நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் உட்கார வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். மருந்து வந்த பிறகு மருத்துவர்கள் அனுப்பிய தனித்தனிப் புகார்களை அடுக்கிப் பார்த்துத்தான் 2015இல் அமெரிக்காவில் இதற்கு எச்சரிக்கை விட்டார்கள். பெரிய அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே இவற்றை நிறுத்தச் சொல்வதும் இதனால்தான்.

ரமலான் நோன்புக்கு மருந்தை எப்படி மாற்றுவது என்று நிறைய ஆய்வு இருக்கிறது. நம் விரதமுறைகளுக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. நாட்கணக்கில் ஒருவேளை மட்டும் உண்ணும் ஒருவருக்கு எந்த மருந்து எவ்வளவு பாதுகாப்பு என்று நம் கோயில்களோடு சேர்ந்து ஆராய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கசாயமும் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

பாகற்காயும் வெந்தயமும் சமையலில் இருப்பதில் பிரச்சினை இல்லை. அளவு தெரியாத தூளும் கசாயமும் மாத்திரையோடு சேரும்போது சர்க்கரை எதிர்பாராமல் இறங்கலாம். சாப்பிடுவதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் பதிவில் ‘மருந்து நன்றாக வேலை செய்கிறது’ என்றோ ‘இந்த மருந்து தாழ்சர்க்கரை கொடுக்கிறது’ என்றோ தவறாக ஏறும். அதைப் பார்த்துத்தான் அடுத்தவருக்கு மருந்து எழுதுவார்கள்.

‘மூலிகை’ என்று ஒட்டிய பாட்டிலுக்குள் மூலிகைதான் இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2008இல் சிங்கப்பூரில், நீரிழிவே இல்லாத பலர் கடும் தாழ்சர்க்கரையோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். அவர்கள் சாப்பிட்ட சட்டவிரோத ஆண்மை மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. நான்கு பேர் இறந்தார்கள்.

வாங்கும் பொருளில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணையும் பாதுகாப்பு முத்திரையையும் தேடுங்கள். எண்ணின் கடைசியில் டி (T) என்ற எழுத்து இருந்தால் அது பாரம்பரிய மருந்து. தரமும் பாதுகாப்பும் பார்த்துப் பதிவு செய்தார்கள் என்றுதான் அதற்குப் பொருள். சர்க்கரையைக் குறைக்கும் என்று நிரூபித்ததாக ஆகாது. மலேசியாவின் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி, குணமாக்குவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக்கூடாத 20 நோய்களில் நீரிழிவும் ஒன்று. ‘முழுமையாகக் குணம், 300 வெள்ளி (ரிங்கிட்)’ என்று யாராவது விற்றால் அப்போதே விலகிவிடுங்கள்.

மெட்பார்மினில் புற்றுநோய்ப் பொருள் கலந்திருந்ததாமே?

2019 டிசம்பரில் சிங்கப்பூர், தன் சந்தையில் இருந்த 46 மெட்பார்மின் தயாரிப்புகளில் மூன்றைத் திரும்பப் பெற்றது. என்டிஎம்ஏ என்ற மாசு வரம்பை மீறியிருந்தது. அது தயாரிப்பில் வந்த குறை. மெட்பார்மினின் குணம் அல்ல. அந்தச் செய்தியைக் கேட்டு மாத்திரையையே நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

உடம்பு இளைக்கும் ஊசி பாதுகாப்பானதா?

செமாக்ளுடைடு வகை ஊசிகளால் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்ல பலன் உண்டு. கவனிக்க வேண்டியது கண். 2016இல் வந்த ஒரு சோதனையில் விழித்திரைச் சிக்கல் ஊசி போட்டவர்களில் 3.0 விழுக்காடு, போடாதவர்களில் 1.8. ஏற்கெனவே விழித்திரை பழுதாகியிருந்தவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கியது ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். ஊசிக்கு முன் கண்ணைக் காட்டுங்கள். பார்வை நரம்புக்கு ரத்தம் தடைபடும் ஒரு கோளாறையும் மிக அரிதான பக்கவிளைவு என 2025இல் ஐரோப்பிய அமைப்பு சேர்த்திருக்கிறது. அது பத்தாயிரத்தில் ஒருவர் வரை என்பது அவர்கள் கணிப்பு. திடீரென்று பார்வை மங்கினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ஊசியை வாங்க வேண்டாம். போலிகளைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனமே 2024இல் எச்சரித்திருக்கிறது.

எனக்குப் பக்கவிளைவு வந்தால் யாரிடம் சொல்வது? சொல்லி என்ன ஆகும்?

டாக்டரிடமோ மருந்தாளரிடமோ சொல்லலாம். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துக்கு நீங்களே எழுதவும் வழி உண்டு. பொதுமக்களுக்கென்றே தனிப் படிவம் வைத்திருக்கிறார்கள். மருந்தின் பெயர், பதிவு எண், எப்போது தொடங்கினீர்கள், எப்போது என்ன ஆனது, நிறுத்தியதும் சரியானதா, கூடவே வேறென்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதினால் போதும். மருந்துதான் காரணம் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. மலேசியா 1990 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் இருக்கிறது. இங்கிருந்து போகும் புகார்கள் சுவீடனின் உப்சாலாவில் உள்ள மையத்தில் மற்ற நாட்டுப் புகார்களோடு சேரும். ஒரே மாதிரி நாலைந்து வந்தால் யாராவது நிமிர்ந்து பார்ப்பார்கள்.

மாத்திரையைச் சில நாள் விட்டுவிடுகிறேன். சொன்னால் திட்டுவார்களே?

பையில் ‘மாக்கான் 1 பிஜி, 2 காலி செஹாரி, செலெபாஸ் மாக்கான்’ (ஒரு மாத்திரை, நாளுக்கு இரு வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு) என்று மலாயில் ஒட்டித் தருகிறோம். கணினியில் மூன்று மாத மருந்து கொடுத்ததாகப் பதிவாகிறது. ஆய்வாளர் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். நீங்கள் காலை மாத்திரையை மட்டும் சாப்பிட்டுவிட்டு மாலை மாத்திரைகளை பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருப்பது அவருக்குத் தெரியாது. மருந்து பலிக்கவில்லை என்று கணக்கு காட்டும். டாக்டரும் அப்படியே நினைத்து அளவைக் கூட்டுவார். பிறகு ஒருநாள் மகள் வந்து எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கினால் சர்க்கரை அபாயமாக இறங்கும்.

திட்டுவார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது, திட்டியும் இருப்பார்கள். அது தவறு. டாக்டரிடம் சொல்லத் தயங்கினால் மருந்தாளரிடம் சொல்லுங்கள். பல அரசாங்க மருத்துவமனைகளில் நீரிழிவு நோயாளர்களுக்கென்று மருந்தாளர் நடத்தும் தனி ஆலோசனை உண்டு. மீதமான மாத்திரைகளை அப்படியே கொண்டுவாருங்கள், மேசையில் கொட்டி எண்ணிப் பார்ப்போம். வேலை நேரம் ஒத்துவரவில்லையா, வயிற்றைக் கலக்குகிறதா, மறதியா என்று கேட்டுவிட்டு ஒருவேளை மாத்திரையாக மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் பேசலாம்.

ஆய்வில் சேரச் சொல்லிக் கேட்டால் சேரலாமா? என் பெயர் வெளியே வருமா?

பழைய பதிவுகளை வைத்துச் செய்யும் ஆய்வில் பெயரும் அடையாள அட்டை எண்ணும் நீக்கப்பட்ட தரவுதான் பொதுவாக ஆய்வாளரிடம் வரும். சுகாதார அமைச்சின் கிளினிக், மருத்துவமனைகளில் செய்யும் ஆய்வுக்கு அமைச்சின் நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும்.

உங்களை நேரில் அழைத்து மருந்து கொடுத்துப் பார்க்கும் ஆய்வு என்றால் கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேளுங்கள்: இப்போது சாப்பிடும் மருந்தை நிறுத்தச் சொல்வீர்களா, எனக்கு வெற்று மாத்திரை கிடைக்க வாய்ப்பு உண்டா, ஏதாவது ஆனால் செலவு யாருடையது, பணம் போடுவது யார், இரவில் அழைக்க எண் என்ன. விளக்கத்தாளைத் தமிழில் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படியுங்கள். அங்கேயே கையெழுத்து போடு என்று அவசரப்படுத்தினால் போடாதீர்கள். சேர்ந்த பிறகும் எந்த நாளும் விலகிக்கொள்ளலாம், அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை நிற்கக்கூடாது.

கேள்விகளுக்குத் திருப்தியான பதில் கிடைத்தால் சேருங்கள் என்றுதான் சொல்வேன். முக்கியமாகப் பெண்களும் எழுபது வயதைத் தாண்டியவர்களும். இந்த இரு தரப்பினரும் நம் சமூகத்திலிருந்து ஆய்வுக்கு வருவது மிகக் குறைவு, அவர்களுக்கு எழுதப்படும் மாத்திரைகளோ மிக அதிகம்.